விழிக்காத முட்டைகள்: சினைப்பையின் தொடக்க கால வளர்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குத் திசுவியல் நடத்துகிறேன். நோயாளிகளைப் பார்ப்பது என் வேலை இல்லை. ஆனாலும் உறவினர் வீட்டுக் கல்யாணத்தில், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில், யாராவது ஒரு பெண் கைபேசியில் ரிப்போர்ட்டைத் திறந்து என் முன்னால் நீட்டிவிடுகிறாள். அவர்கள் கேட்பதும் வகுப்பில் மாணவர்கள் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். சிகிச்சைக்கு உங்கள் மருத்துவரிடம் செல்லுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதை மட்டும் என்னிடம் கேளுங்கள்.

ஸ்கேனில் "ஃபாலிக்கிள் 18 மி.மீ." என்று எழுதியிருக்கிறார்கள். அதுதான் முட்டையா?

இல்லை, அது முட்டை குடியிருக்கும் பை. நீர் நிரம்பிய அந்தப் பையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் முட்டையின் குறுக்களவு சுமார் 0.12 மி.மீ. மட்டுமே. எந்த ஸ்கேனிலும் அது தெரியாது. நடுவில் ஒரு முட்டை, அதைச் சுற்றி அதற்கு ஊட்டமளிக்கும் கிரானுலோசா செல்கள், பிற்காலத்தில் அவற்றுக்கும் வெளியே தீக்கா என்ற உறை: இவை எல்லாம் சேர்ந்த குடித்தனத்துக்குப் பெயர்தான் ஃபாலிக்கிள்.

ஸ்கேன் காட்டுவது அதன் கடைசிக் கட்டத்தை. இந்தப் பக்கம் அதற்கு வெகு முன்னால் நடப்பதைப் பற்றியது.

தொடக்கத்தில் அது எப்படி இருக்கும்?

சினைப்பையின் மெல்லிய சீவலுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், முதலில் தெரிவது இளஞ்சிவப்பு நிறத்தில் நெருக்கமாக ஓடும் நார்கள்தான். கோரைப்பாயைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பது போல இருக்கும். வெளிப்புறத்தை ஒட்டிய அந்தப் பகுதியில் வெளிறிய சிறு வட்டங்கள் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். ஒவ்வொன்றும் ஒரு முட்டை. அதைச் சுற்றிச் சில செல்கள் தட்டையாக, வயிறு ஒட்டிப்போனவை போல, ஒரே வரிசையில் படுத்திருக்கும். முழுவதும் சேர்ந்து 40 மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமனில் பாதி. இதுதான் ஆதிநிலை ஃபாலிக்கிள்.

இப்போது சீவலை ஒரு நூலளவு நகர்த்துங்கள். பக்கத்தில் இன்னொன்று. அதிலும் ஒரு முட்டை, ஒரே வரிசைச் செல்கள். ஆனால் இங்கே செல்கள் தட்டையாக இல்லை. செங்கல்லை நிறுத்தி வைத்தது போல உயர்ந்து நிற்கின்றன. இது முதல்நிலை ஃபாலிக்கிள். தேர்வில் பாதி மாணவர்கள் இந்த இரண்டையும் மாற்றி எழுதுகிறார்கள். படுத்திருந்த செல்கள் எழுந்து நிற்பதுதான் முட்டை விழித்துக்கொண்டதற்கான முதல் அடையாளம். அதன் பிறகு வரிசை இரண்டாகி, மூன்றாகி, வெளியே தீக்கா உறை சேர்ந்தால் இரண்டாம் நிலை. நடுவில் நீர்க்குழி தோன்றுவது அதற்கும் பிறகு.

எல்லா முட்டைகளும் பிறவியிலேயே வந்துவிடுகின்றன என்பது உண்மையா? எத்தனை?

உண்மைதான். தாய் வயிற்றில் ஐந்தாம் மாதத்தில் ஒரு பெண் சிசுவின் இரு சினைப்பைகளிலும் சேர்த்து 60, 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பூப்பெய்தும்போது 3, 4 லட்சம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஏறக்குறைய ஆயிரம். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை 400, 500க்கு மேல் போகாது. மிச்சமெல்லாம் வழியிலேயே அழிகின்றன.

பிறந்து வளர்ந்த பிறகும் புது முட்டைகள் உருவாகின்றன என்று 2004இல் எலிகளை வைத்து ஓர் ஆய்வு சொன்னது. பெரிய சர்ச்சையும் நடந்தது. பெண்களின் சினைப்பையில் இயல்பாக அப்படி நடப்பதாக நிலைநாட்டப்படவில்லை. எனவே இருக்கிற இருப்பை வைத்துத்தான் கணக்கு.

மாதம் ஒரு முட்டை வளர்கிறது. அப்படியானால் ஒரு முட்டை தயாராக ஒரு மாதம்தானே?

எல்லோரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மாதவிடாய்ச் சுழற்சியில் நாம் பார்ப்பது கடைசி இரண்டு வாரத்தை மட்டும். தீக்கா உறை சேரத் தொடங்கிய ஃபாலிக்கிள் முட்டையை வெளியிடும் அளவுக்கு வளரவே சுமார் 85 நாள் பிடிக்கிறது. அதற்கு முன்னால் ஆதிநிலையிலிருந்து எழுந்து அந்த இடத்துக்கு வந்து சேர இன்னும் பல மாதங்கள். இந்தப் பொங்கலுக்கு வெளிவரும் முட்டை, போன ஆடி மாதத்துக்கு முன்பே விழித்திருக்கும்.

ஆகவே "இந்த மாதம் மாத்திரை சாப்பிட்டேன், இந்த மாத முட்டை நன்றாக வந்திருக்குமா?" என்ற கேள்விக்கு, அந்த முட்டையின் பாதையில் பெரும்பகுதி மாத்திரை வாங்குவதற்கு முன்பே கடந்துபோய்விட்டது என்பதே பதில்.

முட்டையை வளர்ப்பது மூளையிலிருந்து வரும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் என்று பள்ளியில் படித்தோமே?

படித்தது தவறில்லை, பாதி. அந்த ஹார்மோன் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வருகிறது. நீர்க்குழி தோன்றிய ஃபாலிக்கிள்களுக்கு அது இன்றியமையாதது. ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) ஊசிகள் வேலை செய்வதும் அந்தக் கட்டத்தில்தான். விழிப்புக்கு அது தேவையில்லை; அங்கே வேலை செய்பவை வளர்ச்சிக் காரணிகள்.

இதற்கு இயற்கையே ஒரு சோதனை செய்து வைத்திருக்கிறது. பின்லாந்தில் சில குடும்பங்களில் எஃப்எஸ்ஹெச் சொல்லும் செய்தியைச் செல்லில் பிடித்துக்கொள்ளும் ஏற்பியின் மரபணுவில் ஒரு பழுது உண்டு. 1995இல் அதைக் கண்டறிந்தார்கள். ஹார்மோன் இரத்தத்தில் நிறைய இருக்கும், ஆனால் சினைப்பை அதைக் கேட்காது. அந்தப் பெண்கள் பூப்பெய்துவதில்லை. ஆனாலும் அவர்களுடைய சினைப்பையில் ஆதிநிலை ஃபாலிக்கிள்கள் இருக்கின்றன. சில விழித்துத் தொடக்க நிலைவரை வளரவும் செய்கின்றன. அதற்கு மேல் நகர்வதில்லை. ஐந்து வயதுச் சிறுமியின் சினைப்பையிலும் இப்படித்தான்: தினமும் சில எழுகின்றன, கொஞ்சம் வளர்கின்றன, மடிகின்றன. ஹார்மோன் ஆட்சி வருவதற்கு முன்பே வீடு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் வளர்ச்சிக் காரணி என்பது என்ன? அதுவும் ஹார்மோன்தானே?

இரண்டும் செய்தி சொல்லும் பொருள்கள்; செல்லும் தூரம் வேறு. ஹார்மோன் தபால் மாதிரி, இரத்தத்தில் ஏறி ஊர்விட்டு ஊர் போகும். வளர்ச்சிக் காரணி, பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிச் சொல்வது. ஒரு செல் சுரக்கும் புரதம் சில மைக்ரான் தள்ளியிருக்கும் இன்னொரு செல்லின் ஏற்பியில் போய் ஒட்டும். அவ்வளவுதான் அதன் பயணம்.

ஆதிநிலை ஃபாலிக்கிளுக்கு ஏன் இந்த ஏற்பாடு என்றால், அதற்கென்று தனி இரத்தக் குழாய் கிடையாது. சுற்றியுள்ள நார்த்திசுவிலிருந்து கசிந்து வருவதே அதற்குக் கிடைக்கும். தீக்கா உறை சேரும்போதுதான் இரத்தக் குழாய்களும் சேர்கின்றன. அதுவரை அது அக்கம்பக்கத்தை நம்பித்தான் பிழைக்க வேண்டும்.

சரி, தூங்கும் முட்டையை எழுப்புவது எது?

எழுப்புவது எது என்பதைவிட, தூங்க வைத்திருப்பது எது என்று கேட்பதுதான் எனக்கு முறையாகப் படுகிறது. இத்துறையின் கடந்த 30 ஆண்டு வேலையில் பெரிய ஆச்சரியங்கள் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்தே வந்தன.

எலிகளில் தெரிந்த வரிசையை முதலில் சொல்கிறேன். முட்டையைச் சுற்றிப் படுத்திருக்கும் தட்டைச் செல்களில்தான் முதல் அசைவு. அவற்றினுள் எம்டார் என்ற, ஊட்டமும் ஆற்றலும் போதுமா என்று கணக்குப் பார்க்கும் அமைப்பு முடுக்கம் பெற்றதும், அவை கிட் லிகாண்டு என்ற வளர்ச்சிக் காரணியைக் கூடுதலாகத் தயாரிக்கின்றன. முட்டையின் மேற்பரப்பில் அதற்கென்று கிட் என்ற ஏற்பி காத்திருக்கிறது. அது தூண்டப்பட்டதும் முட்டைக்குள் பிஐ3கே, ஏகேடி என்று ஒன்றை ஒன்று தட்டிவிடும் ஒரு தொடர் ஓடும். அந்தத் தொடரின் முடிவில், உட்கருவுக்குள் உட்கார்ந்து வளர்ச்சியைத் தடுத்துக்கொண்டிருந்த ஃபாக்ஸோ3 என்ற புரதம் வெளியே தள்ளப்படுகிறது. காவல்காரர் வெளியேறியதும் முட்டை பருக்கத் தொடங்குகிறது.

இந்தத் தொடருக்குக் குறுக்கே பிடென் என்று ஒரு தடுப்புப் புரதம் நிற்கிறது. 2008இல் எலிகளின் முட்டையில் மட்டும் பிடென் மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். முட்டைகள் சில கூடுதலாக விழிக்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம். நடந்தது வேறு: ஆதிநிலை ஃபாலிக்கிள்கள் அத்தனையும் ஒருசேர எழுந்துவிட்டன. எலி இளவயதைத் தாண்டுவதற்குள் சினைப்பை காலி. ஃபாக்ஸோ3 இல்லாத எலிகளிலும் 2003இலேயே இதே கதை.

விதைநெல்லைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குதிரில் கிடக்கும்வரை அது அடுத்த போகத்துக்கான சொத்து. தண்ணீரில் ஊறி முளை கிளம்பிவிட்டால் மறுபடி காயவைத்துக் குதிரில் கொட்ட முடியாது. நட்டாக வேண்டும், இல்லையேல் அழுகும். விழித்த ஃபாலிக்கிளும் அப்படியே. அதற்குத் திரும்பிப்போகும் வழி இல்லை. எனவே சினைப்பையின் திறமை முளைவிடுவதில் இல்லை, ஊறாமல் வைத்திருப்பதில் இருக்கிறது.

மனிதத் திசுவிலும் கிட்டும் அதன் லிகாண்டும் இருக்கின்றன. சினைப்பைத் துண்டுகளை வளர்கரைசலில் வைத்து இந்த இணைப்பைத் தடுத்தபோது ஃபாலிக்கிள்கள் அதிகமாக மடிந்தன. அதாவது, எழுப்புவதற்கு மட்டுமல்ல, உயிரோடு வைத்திருப்பதற்கும் இந்தப் பேச்சுவார்த்தை தேவைப்படுகிறது.

முட்டை சும்மா கேட்டுக்கொண்டுதான் இருக்குமா? அது எதையும் சொல்வதில்லையா?

சொல்கிறது, அதுவும் வீட்டுத் தலைவியின் குரலில். நீண்ட காலம், முட்டை ஒரு பயணி என்றும் சுற்றியுள்ள செல்கள்தான் வண்டி என்றும் நினைத்திருந்தார்கள். 1996இல் அந்த எண்ணம் உடைந்தது. முட்டை மட்டுமே சுரக்கும் ஜிடிஎஃப்-9 என்ற வளர்ச்சிக் காரணி இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அவற்றின் ஃபாலிக்கிள்கள் விழித்தன, முதல்நிலைக்கு வந்தன, ஒரே வரிசைச் செல்களோடு நின்றுபோயின. இரண்டாம் வரிசை வரவே இல்லை, தீக்காவும் கூடவில்லை. முட்டை உத்தரவு கொடுக்காமல் வெளியே ஒரு செல்லும் பெருகாது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. மனிதச் சினைப்பைத் துண்டுகளில் ஜிடிஎஃப்-9 சேர்த்து வளர்த்தபோது இரண்டாம் நிலைக்குப் போன ஃபாலிக்கிள்களின் பங்கு கூடியது.

இதன் உடன்பிறப்பு பிஎம்பி-15; இதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. இதைப் பற்றிச் சொல்ல ஆடுகளிடம் போக வேண்டும்.

ஆடுகளா? மனிதச் சினைப்பைக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம்?

எலி ஒரே ஈற்றில் எட்டு பத்துக் குட்டி போடும். செம்மறி நம்மைப் போலப் பெரும்பாலும் ஒன்று. அதனால் சினைப்பை விஷயத்தில் எலியைவிட ஆடு நமக்கு நெருங்கிய உறவு.

நியூசிலாந்தில் இன்வெர்டேல் என்ற செம்மறி வழியில் விசித்திரம் ஒன்று இருந்தது. பிஎம்பி-15 மரபணுவின் ஒரு பிரதி பழுதான பெட்டை ஆடுகள் வழக்கத்தைவிடக் கூடுதலாக முட்டை வெளியிட்டு இரட்டைக் குட்டி ஈன்றன. இரு பிரதியும் பழுதானவை முழு மலடு. சினைப்பை வெறும் கீற்றாக இருந்தது, ஃபாலிக்கிள்கள் முதல்நிலையைத் தாண்டவில்லை. ஒரே காரணி, பாதி குறைந்தால் பலுகும், முழுவதும் போனால் பட்டுப்போகும். 2000இல் இந்த மரபணுவை அடையாளம் கண்டபோது, வளர்ச்சிக் காரணி என்றால் "அதிகம் என்றால் நல்லது" என்ற எளிய கணக்கு செல்லாது என்பது மறுக்க முடியாததாகிவிட்டது. எனக்குப் பிடித்த பாடம் இது. ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடுகிறேன், பாடத்திட்டத்தில் இல்லை.

இன்னொரு ஆடு நம் நாட்டுக்காரி. ஆஸ்திரேலியாவில் பூருலா என்ற மெரினோ மந்தை பல குட்டி ஈனுவதில் பேர்பெற்றது. 2001இல் மூன்று குழுக்கள் அதன் காரணத்தைக் கண்டன: பிஎம்பி குடும்பச் செய்திகளைக் கேட்கும் ஏற்பி ஒன்றில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அடுத்த ஆண்டே அதே மாற்றம் வங்காளத்துச் சுந்தரவனக் காடுகளின் சேற்றில் மேயும் குட்டையான கரோல் ஆடுகளிலும் கண்டுபிடிக்கப்பட்டது. 1790களில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிப் போன வங்காள ஆடுகளே ஆஸ்திரேலிய மந்தைக்கு இந்த மரபணுவைக் கொடுத்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. பிறகு மகாராஷ்டிரத்தின் பல்டன் ஊரில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆய்வு நிறுவனத்தில் கரோலின் அதே மரபணுவைத் தக்காணி ஆட்டில் ஏற்றி, நாரி சுவர்ணா என்று ஒரு வகையை உருவாக்கினார்கள். விளைவு, மேய்ப்பவர் வீட்டில் இரட்டைக் குட்டிகள்.

மனிதரிடத்தில்? 2004இல் இத்தாலியில் இரு சகோதரிகளுக்கு, சினைப்பை முன்கூட்டியே ஓய்ந்துபோனதற்கான ஆய்வின்போது பிஎம்பி-15இல் மாற்றம் இருப்பது தெரியவந்தது. தந்தையிடமிருந்து வந்தது. அவருக்குச் சினைப்பை இல்லாததால் பாதிப்பும் இல்லை. ஒரு பிரதி பழுதான ஆடு இரட்டை ஈனுகிறது, ஒரு பிரதி பழுதான பெண்ணுக்குச் சினைப்பை ஓய்கிறது: ஆடு நெருங்கிய உறவுதான், ஆனாலும் நாமே அல்ல.

ஏஎம்ஹெச் பரிசோதனை என்ன சொல்கிறது? எனக்குக் குறைவு என்று வந்திருக்கிறது.

முதலில் மூச்சு விடுங்கள். இந்தக் கேள்வியோடு வருபவர்களில் பலர் அழுதுகொண்டே வருகிறார்கள்.

ஏஎம்ஹெச் என்ற ஹார்மோனுக்கு முதல் அடையாளம் கிடைத்தது ஆண் சிசுக்களில். ஆண் குழந்தைக்குள் கருப்பை உருவாகாமல் தடுக்கும் பொருள் அது; பிரான்சின் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் 1940களில் முயல்களை வைத்து அதன் இருப்பைக் காட்டினார். பெண்களில் அதைச் சுரப்பவை விழித்த, சிறிய ஃபாலிக்கிள்களின் கிரானுலோசா செல்கள். ஃபாலிக்கிள் 8 மி.மீ. அளவைத் தாண்டும்போது சுரப்பு குறைந்துவிடும். தூங்கும் முட்டைகள் ஏஎம்ஹெச் சுரப்பதே இல்லை. அதாவது இந்தப் பரிசோதனை குதிரில் உள்ள நெல்லை எண்ணுவதில்லை. நாற்றங்காலில் எத்தனை முளைத்திருக்கிறது என்று பார்த்து, குதிரில் எவ்வளவு இருக்கலாம் என்று ஊகிக்கிறது.

எலிகளில் அது ஒரு தடையும்கூட. ஏஎம்ஹெச் இல்லாத எலிகளில் ஆதிநிலை ஃபாலிக்கிள்கள் வேகமாகத் தீர்ந்துபோயின என்று 1999இல் காட்டினார்கள். விழித்தவை சுரக்கும் பொருள், தூங்குபவற்றை "இப்போது வேண்டாம், இடமில்லை" என்று தடுத்து வைக்கிறது. மனிதத் திசுவில் செய்த வளர்ப்புச் சோதனைகள் இந்த விஷயத்தில் ஒன்றுக்கொன்று முரணான விடைகளைத் தந்திருக்கின்றன.

உங்களுக்கு வேண்டிய செய்தி இது. குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத, 30 முதல் 44 வயதுள்ள 750 பெண்களைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஏஎம்ஹெச் குறைந்தவர்கள் இயல்பாகக் கருத்தரிக்கும் வாய்ப்பில் மற்றவர்களைவிடப் பின்தங்கவில்லை. ஐவிஎஃப் ஊசிக்கு எத்தனை முட்டை கிடைக்கலாம் என்பதை இந்த எண் நன்றாகச் சொல்லும். முட்டையின் தரத்தைச் சொல்லாது. அதற்கு உங்கள் வயதுதான் நம்பகமான குறிப்பு. கல்யாணமாகாத 24 வயதுப் பெண்ணுக்கு "பொதுப் பரிசோதனை" என்ற பெயரில் இதை எடுத்துக் கொடுத்து, வீடே தூக்கம் கெட்டுக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அது தேவையில்லாத வேலை.

பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு முட்டை அதிகமா, குறைவா?

ஸ்கேனில் முத்துமாலை போலத் தெரிபவை கட்டிகள் அல்ல; பாதிவழியில் நின்றுபோன சிறு ஃபாலிக்கிள்கள். பிசிஓஎஸ் என்றால் "பல கட்டிகள் கொண்ட சினைப்பை நோய்க்குறி"; பெயர்தான் தவறு. ஏஎம்ஹெச் அதிகமாக இருப்பதும் அவை கூட்டமாக நிற்பதால்தான். இந்தப் பெண்களின் சினைப்பைத் துண்டுகளை ஆராய்ந்தபோது, விழித்து முதல்நிலைக்கு வந்தவற்றின் பங்கு வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. அவர்களின் முட்டைகளில் ஜிடிஎஃப்-9 குறைவாகத் தயாராவதையும் கண்டிருக்கிறார்கள். சிக்கல் கடைசி இரண்டு வாரத்தில் மட்டும் இல்லை, பல மாதம் முன்னாலேயே தொடங்குகிறது என்பதற்கு இவை சான்று.

சினைப்பையை வெட்டினாலோ துளையிட்டாலோ முட்டை வளரும் என்கிறார்களே, அது எப்படி?

வினோதமாகத் தோன்றும், ஆனால் பழைய சங்கதி. 1935இல் சிகாகோவின் ஸ்டைன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள், இன்று நாம் பிசிஓஎஸ் என்று அழைக்கும் நிலையிலிருந்த பெண்களின் சினைப்பையில் ஆப்பு வடிவில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். நின்றுபோன மாதவிடாய் திரும்பியது. அதன் வழிவந்ததுதான் இன்றைய லேப்ராஸ்கோப்பித் துளையிடல்.

ஒரு விளக்கம் 2013இல் கிடைத்தது. சினைப்பையின் வெளிப்பகுதி விறைப்பானது. செல்கள் அந்த இறுக்கத்தை உணர்கின்றன. ஹிப்போ என்ற செய்தித்தொடர் அதைக் கொண்டு வளர்ச்சியை அடக்கி வைக்கிறது. திசுவை வெட்டினால் இறுக்கம் குலைகிறது, அடக்குமுறை தளர்கிறது, அக்கம்பக்கத்தில் வளர்ச்சிக் காரணிகள் சுரக்கின்றன. ஜப்பானின் கவாமுராவும் அமெரிக்காவின் ஹ்சுவேயும் இதை ஏகேடி தூண்டும் மருந்தோடு சேர்த்து, 40 வயதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்த 27 பெண்களிடம் சோதித்தார்கள். சினைப்பையை எடுத்துச் சிறு துண்டுகளாக்கி, இரண்டு நாள் மருந்தில் வைத்து, மறுபடி உடலில் பொருத்தினார்கள். 13 பேருக்கு மட்டுமே மிச்ச ஃபாலிக்கிள்கள் இருந்தன. 8 பேருக்கு அவை வளர்ந்தன. ஆய்வு வெளியானபோது ஒரு குழந்தை பிறந்திருந்தது.

அந்த எண்களை மறுபடி படியுங்கள். இது பெரிய சாதனை. அதே சமயம் 27இல் ஒன்று. துண்டில் ஃபாலிக்கிளே இல்லாத பெண்ணுக்கு எந்த மருந்தும் எதையும் எழுப்ப முடியாது.

எங்கள் ஊரில் "சினைப்பையை இளமையாக்கும் ஊசி" என்று விளம்பரம் பார்த்தேன். சொந்த இரத்தத்தையே எடுத்துப் போடுகிறார்களாம். நம்பலாமா?

பிஆர்பி என்று சொல்வார்கள். இரத்தத்தைச் சுழற்றித் தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்துச் சினைப்பைக்குள் செலுத்துவது. தட்டணுக்களில் வளர்ச்சிக் காரணிகள் நிறைய உண்டு. அது பொய் இல்லை. ஆனால் எவை? இரத்தக் குழாய் வளர, காயம் ஆற வேண்டியவை. மேலே பார்த்தீர்கள், ஒரு காரணி எங்கே, எவ்வளவு, எந்தக் கட்டத்தில் என்பதைப் பொறுத்து ஆடு இரட்டையும் ஈனும், மலடும் ஆகும். அத்தனை நுட்பமான இடத்தில் ஒரு குப்பி கலவையைப் பாய்ச்சுவதை நான் சிகிச்சை என்று சொல்ல மாட்டேன். முட்டை குறைவாகக் கிடைக்கும் பெண்களை இரு குழுவாகப் பிரித்து முறையாக ஒப்பிட்ட சோதனையில், ஊசி போட்டவர்களுக்கு முதிர்ந்த முட்டைகள் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

இன்னொரு கவலையும் உண்டு. ஒருவேளை அது உண்மையிலேயே தூங்குபவற்றை எழுப்பினால்? இருப்பு குறைந்த வீட்டில் மிச்ச விதைநெல்லையும் நனைப்பதுதானே அது? நகையை அடகு வைத்து இந்த ஊசிக்குப் பணம் கட்டிய ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். ஆய்வுக்காகச் செய்கிறார்கள் என்றால் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் வாங்கினால் அது வியாபாரம்.

புற்றுநோய் மருந்துகள் முட்டைகளைக் கொல்கின்றன என்கிறார்கள். தூங்கும் முட்டையை ஏன் தாக்க வேண்டும்?

கீமோதெரபி பெரும்பாலும் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். வளரும் ஃபாலிக்கிள்கள் அதில் அடிபடுகின்றன. சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள் தூங்கும் முட்டையின் மரபுப்பொருளையும் நேரடியாகச் சிதைக்கும். எலிகளில் கண்ட மூன்றாவது வழி ஒன்று உண்டு: வளரும் ஃபாலிக்கிள்கள் ஒட்டுமொத்தமாக மடிந்ததும் அவை சுரந்த தடைச் செய்தியும் நின்றுபோகிறது, மருந்தே பிஐ3கே தொடரையும் முடுக்கிவிடுகிறது, தூங்குபவை கும்பலாக எழுந்து, எழுந்த கையோடு எரிந்துபோகின்றன.

எனவே சிகிச்சைக்கு முன்பே சினைப்பையின் வெளிப்பகுதியில் ஒரு கீற்றை எடுத்து உறைய வைக்கும் முறை வந்தது. பெல்ஜியத்தில் 1997இல் ஒரு பெண்ணுக்கு அப்படி எடுத்து வைத்து, குணமான பின் பொருத்தி, 2004இல் குழந்தை பிறந்தது. பூப்பெய்தாத சிறுமிகளுக்கு இது ஒன்றே வழி. ஹார்மோன் ஊசி போட்டு முட்டை எடுப்பது அந்த வயதில் நடக்காது. உங்கள் வீட்டில் யாருக்காவது புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கப்போகிறது என்றால், முதல் ஊசிக்கு முன்னால் இதைப் பற்றிக் கேளுங்கள். பிறகு கேட்டால் வாய்ப்பு குறைந்துவிடும்.

ஆய்வகத்திலேயே தூங்கும் முட்டையை எழுப்பி முழுதாக வளர்க்க முடியுமா?

எலியில் முடிந்தது. 1996இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் பிறந்த குட்டிக்கு எக்பர்ட் என்று பெயர் வைத்தார்கள். அது வளர்ந்து அளவுக்கு மீறிப் பருத்து, நரம்புக் கோளாறுகளுக்கும் ஆளானது. வளர்கரைசலைத் திருத்தி 2003இல் 59 குட்டிகள்.

மனிதரில் எடின்பரோவின் ஈவ்லின் டெல்ஃபர் குழு 2018இல் ஆதிநிலையிலிருந்து முதிர்ந்த நிலைவரை உடலுக்கு வெளியே கொண்டு வந்தது. சிசேரியன் செய்துகொண்ட பெண்கள் தந்த சிறு துண்டுகள் அவை. இறுக்கம் தளர்ந்த மெல்லிய துண்டுகளாக வைத்ததும் ஃபாலிக்கிள்கள் தாமாக விழித்தன. அதன்பின் தனித்தனியாகப் பிரித்து ஆக்டிவின் என்ற வளர்ச்சிக் காரணி சேர்த்து வளர்த்தார்கள். கிடைத்தவை 9 முதிர்ந்த முட்டைகள். உடலில் பல மாதம் ஆகும் வேலை சில வாரங்களில் முடிந்துவிட்டது. அந்த அவசரம்தான் சந்தேகத்துக்கு இடம். முட்டை கழித்துவிடும் துணைச்செல் இயல்பைவிடப் பெரிதாக இருந்தது. அவற்றைக் கருத்தரிக்க வைக்கவில்லை.

முட்டை இருப்பைக் கூட்டும் உணவு ஏதாவது?

கிடையாது. புகைப்பதை நிறுத்தினால் இழப்பு குறையும். புகைக்கும் பெண்களுக்கு மாதவிடாய் ஓரிரு ஆண்டு முன்பே நிற்கிறது. வீட்டுக்குள் உட்கார்ந்து புகைக்கும் ஆண்களும் இதைப் படிக்கட்டும்.

என் அம்மாவுக்கு 39 வயதில் மாதவிடாய் நின்றுவிட்டது. எனக்கும் அப்படியே ஆகுமா?

ஆகும் என்று இல்லை. வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மாதவிடாய் நிற்கும் வயதில் ஏறக்குறைய பாதி மரபுவழி. உங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் ஏஎம்ஹெச் பரிசோதனையை 25 வயதிலேயே எடுத்து வைக்கச் சொல்வேன், சில ஆண்டு இடைவெளியில் ஒப்பிட உதவும். கூடவே எஃப்எம்ஆர்1 என்ற மரபணுவைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று 55 முதல் 200 முறை திரும்பத் திரும்ப வந்தால், அப்படிப்பட்ட பெண்களில் ஐந்தில் ஒருவருக்குச் சினைப்பை முன்கூட்டி ஓய்கிறது. அதே மாற்றம் அடுத்த தலைமுறையில் நீண்டுகொண்டே போனால் பிள்ளைகளுக்கு அறிவுவளர்ச்சிக் குறைபாடு வரலாம். அதனால் உங்கள் ரிப்போர்ட்டில் அது வந்தால் உங்கள் அக்காவுக்கும் சித்தி மகளுக்கும் சொல்லிவிடுங்கள்.